சுண்ணக்கோல் காட்டும் சிற்றூர்

நுழையும்முன்

ஓவியத்தின் அழகைக் காணக் கண் போதும். அந்த அழகின் நடுவே வாழ்ந்த மனிதரைக் காண வரலாற்றறிவும் வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டின் ஊர்ப்புறத்தைச் சுண்ணக்கோலால் வரைந்த ஓவியங்களை முன்வைத்து, ஒரு நிலக்காட்சியை எவ்வாறு காண வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வைக்கோல் வேய்ந்து நடுவே சரிந்த ஒரு கூரை. அதன்மேல் கவிந்திருக்கும் மரக்கிளைகள். சாய்ந்து நிற்கும் வேலி. சுவரோரம் கிடக்கும் வண்டிச்சக்கரம். சற்றுத் தொலைவில் உருண்டையாக உயர்ந்து நிற்கும் ஒரு புறாக்கூடு. அதனருகே ஓடையும் நீராலையும். மனிதர் இருந்தால் ஓர் ஓரத்தில், முகம் தெரியாத சிறு உருவமாக இருப்பர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர்கள் ஊர்ப்புறத்தை வரைந்தபோது மீண்டும் மீண்டும் இடம்பெற்ற பொருள்கள் இவை. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் இவ்வகை வரைவுகளைப் போற்றிக் காத்து வருகின்றன.

இவற்றைக் காண்பவர் பெரும்பாலும், "எவ்வளவு அமைதி! எவ்வளவு அழகு!" என்று வியந்து அடுத்த படத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வியப்பு பிழையன்று, ஆனால் அது போதாது. இவ்வரைவுகளை இருமுறை காண வேண்டும். முதற்பார்வை கோட்டின் அழகுக்கு உரியது. இரண்டாம் பார்வை, அக்கோடுகள் சுட்டும் வாழ்க்கைக்கு உரியது. இரண்டாம் பார்வை இல்லாத முதற்பார்வை, பிறர் துன்பத்தையும் அணிகலனாக்கிவிடக் கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்லும் தாளும்

சுண்ணக்கோல் என்றதும் நம் நினைவுக்கு வருவது வகுப்பறைக் கரும்பலகையில் எழுதும் கட்டிதான். அக்கால ஓவியர் கையாண்டது அதுவன்று. மண்ணிலிருந்து வெட்டியெடுத்த இயற்கைக் கற்களை மெல்லிய குச்சிகளாக அறுத்து அவர்கள் பயன்படுத்தினர். கரிச்சத்து மிகுந்த களிமண் கல் கறுப்புக் கோலாயிற்று. இரும்புத்தாது கலந்த செம்மண் கல், அதாவது நாம் காவிக்கல் என்று அழைக்கும் வகையைச் சேர்ந்த கல், சிவப்புக் கோலாயிற்று. ஒளிபடும் இடங்களைக் காட்ட வெண்மைக் கோல் உதவிற்று. இக்குச்சிகளைப் பித்தளைப் பிடியொன்றில் செருகிக்கொள்வர். பிடியின் ஒரு முனையில் ஒரு நிறமும் மறுமுனையில் வேறொரு நிறமும் இருக்கும். பிடியைத் திருப்பினால் நிறம் மாறும்.

இக்கருவியின் சிறப்பு அதன் எளிமையே. எண்ணெய் வண்ண ஓவியத்திற்குச் சட்டகம், துணி, தூரிகை, அரைத்த வண்ணம், உலர்வதற்கான நாள்கள் ஆகியன வேண்டும். சுண்ணக்கோலுக்கு ஒரு தாளும் அதைத் தாங்கும் ஓர் அட்டையும் போதும். ஓவியர் அதை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்கே செல்லலாம். மரத்தடியில் அமர்ந்து, நிழல் நகர்வதற்குள் வரைந்து முடிக்கலாம். கோலை அழுத்தினால் இருள். மென்மையாக இழுத்தால் மூடுபனி. பக்கவாட்டில் தேய்த்தால் இலைத்தொகுதி. எதையும் தீட்டாமல் விட்ட வெற்றுத் தாளே வானமாகிவிடும்.

தாளுக்கும் இதில் பங்குண்டு. அக்காலத்தில் கந்தைத் துணிகளைக் கூழாக்கியே தாள் செய்தனர். நீலச் சாயமேறிய கந்தைகளிலிருந்து நீலத்தாள் கிடைத்தது. அத்தாளில் கறுப்பு நிழலாகவும் வெள்ளை வெயிலாகவும் மாற, இரண்டிற்கும் இடைப்பட்ட ஒளியைத் தாளின் நிறமே தந்தது. ஆயினும் இப்பொருள்கள் மென்மையானவை. விரல்பட்டால் சுண்ணம் கலையும். ஒளிபட்டால் நீலம் வெளிறும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் இவற்றை மங்கிய விளக்கொளியில் சில காலம் மட்டுமே காட்சிக்கு வைத்து, மீண்டும் இருட்டறைக்குள் வைத்துவிடுகின்றன.

ஒரே கை, இரு சிற்றூர்கள்

இக்காலத்து ஓவியருள் புகழ்பெற்றவர் பிரான்சுவா புஷே. 1703இல் பாரிசில் பிறந்த இவர், இத்தாலியில் பயின்று திரும்பி, 1765இல் மன்னரின் முதன்மை ஓவியர் என்னும் பதவியை எய்தி, 1770இல் மறைந்தார். மன்னர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டி இவரைப் பெரிதும் ஆதரித்தார்.

புஷேயின் எண்ணெய் வண்ண ஓவியங்களில் வரும் ஆடு மேய்க்கும் பெண்கள் பட்டாடை அணிந்திருப்பர். அவர்தம் பாதங்களில் சேறு இராது. ஆடுகளின் கழுத்தில் நாடா கட்டியிருக்கும். மேய்ப்பர்கள் வேலை செய்வதில்லை. குழலூதுவர், மலர்க்கூடை தருவர், காதல் மொழி பேசுவர். இவை அரண்மனைச் சுவருக்காகவும் சீமான்களின் வரவேற்பறைக்காகவும் தீட்டப்பட்டவை. அறிஞர் தித்ரோ தம் ஓவியத் திறனாய்வுகளில் இதைக் கடுமையாகச் சாடினார். புஷேயிடம் எல்லாத் திறமும் உண்டு, உண்மை ஒன்றுதான் இல்லை என்பது அவர் முடிவு.

தித்ரோவின் முடிவு வண்ண ஓவியங்களுக்குப் பொருந்தும். அதே புஷே சுண்ணக்கோலால் வரைந்த ஊர்ப்புறக் காட்சிகளுக்கு அது முற்றும் பொருந்துமா? அவற்றில் பட்டாடை இல்லை, நாடா இல்லை. உளுத்த உத்தரம் உளுத்ததாகவே இருக்கிறது. கூரையிலிருந்து வைக்கோல் பிரிந்து தொங்குகிறது. வாங்குபவரின் விருப்பத்திற்காகத் தீட்டும்போது பொய்யை அழகாக்கிய கை, தன் பயிற்சிக்காகக் கோலெடுத்தபோது கண்ட பொருளுக்கு நெருங்கி நின்றது. வண்ண ஓவியத்தைவிட வரைவு தாழ்ந்தது, அது வெறும் முன்முயற்சி என்னும் பழைய எண்ணத்தை இதனால் நாம் கைவிடலாம். முழுமை பெறாத வரைவு, முழுமை பெற்ற ஓவியத்தைவிட உண்மை மிகுந்ததாக இருக்க முடியும்.

எனினும் அந்த உண்மை பாதி உண்மையே. மற்றப் பாதியை நாம்தான் தேட வேண்டும்.

புறாக்கூடு சொல்லும் செய்தி

வரைவில் உயர்ந்து நிற்கும் அந்தப் புறாக்கூட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது இனிய வடிவம். தாழ்ந்த கூரைகளுக்கு நடுவே உருண்டையாக எழுந்து காட்சிக்கு ஒரு நிமிர்வைத் தருகிறது. ஓவியர் அதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் அக்காலப் பிரான்சில் புறாக்கூடு எல்லாரும் கட்டக்கூடிய கட்டடம் அன்று. பல மாகாணங்களில் பெரிய புறாக்கூடு வைத்திருப்பது நிலக்கிழாரின் தனியுரிமை. புறாவின் இறைச்சி அவர் உணவுக்கு. அதன் எச்சம் அவர் தோட்டத்திற்கு உரமாக. புறாக்களுக்கு இரை எங்கிருந்து வந்தது? உழவர் விதைத்த வயலிலிருந்தும் விளைந்து நின்ற கதிரிலிருந்தும் வந்தது. தம் கண்முன்னே விதையைப் பொறுக்கித் தின்னும் பறவையைக் கொல்லும் உரிமை உழவருக்கு இல்லை. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்பது நம் வழக்கு. அங்கே ஊரைக் காக்க வேண்டியவரின் பறவையே பயிரை மேய்ந்தது.

1789இல் மன்னர், நாட்டு மக்களின் பேராளர் அவையைக் கூட்டினார். அதற்கு முன்பாக ஊர்தோறும் குறைகளை எழுதித் தருமாறு மக்கள் கேட்கப்பட்டனர். அக்குறையேடுகளில் வரிச்சுமையோடு புறாக்களைப் பற்றிய முறையீடும் இடம்பெற்றது. அவ்வாண்டு ஆகத்து 4ஆம் நாள் இரவில் தேசிய அவை நிலக்கிழாரின் சலுகைகளை ஒழிக்கத் தீர்மானித்தபோது, புறாக்கூட்டுத் தனியுரிமையும் ஒழிக்கப்பட்டது. ஊரார் குறிக்கும் காலங்களில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும். மீறிப் பறந்து வந்தால் தம் நிலத்தில் அவற்றைக் கொல்லும் உரிமை எவருக்கும் உண்டு என்பது சட்டமாயிற்று.

நீராலையின் கதையும் இத்தகையதே. பல ஊர்களில் உழவர் தம் தானியத்தை நிலக்கிழாரின் ஆலையில்தான் அரைக்க வேண்டும்; அதற்குக் கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். ஊரை நோக்கி வளைந்து செல்லும் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1738 முதல் பிரான்சின் பெரும்பகுதியில் உழவர்கள் ஆண்டுதோறும் சில நாள்கள் கூலியின்றிச் சாலை வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். வரைவில் நாம் காணும் மூன்று அழகிய பொருள்கள் மூன்று சுமைகளின் வடிவங்கள். இது தெரிந்தபின் அந்த வரைவு அழகு குன்றிவிடுகிறதா? இல்லை. முன்பு கேட்காத ஒரு குரல் அதிலிருந்து கேட்கத் தொடங்குகிறது.

சரிந்த கூரை

சரிந்த கூரையைக் கண்டதும், "ஏழையின் வீடு" என்று முடிவு செய்கிறோம். அதுவும் எப்போதும் சரியன்று. அறிஞர் ரூசோ தம் தன்வரலாற்றில் எழுதியுள்ள நிகழ்ச்சியொன்று இதனை விளக்கும்.

இளமையில் கால்நடையாகப் பயணம் செய்த ரூசோ வழிதவறி, பசியும் களைப்புமாக ஓர் உழவர் வீட்டை அடைந்தார். விலை தருவதாகக் கூறி உணவு கேட்டார். உழவர் ஆடை நீக்கிய பாலும் முரட்டு வாற்கோதுமை ரொட்டியும் கொடுத்தார். ரூசோ அவற்றை உண்ட விதத்தைக் கண்டு, வந்தவர் வரி அதிகாரிகளின் ஒற்றர் அல்லர் என்று தெளிந்தபின், அவ்வுழவர் தரையிலிருந்த ஒரு மறைவுக் கதவைத் திறந்து கீழே இறங்கினார். நல்ல கோதுமை ரொட்டி, பன்றியிறைச்சி, ஒரு குப்பி திராட்சை மது ஆகியவற்றோடு மேலே வந்தார். பணம் தர முயன்றபோது அச்சத்தால் வாங்க மறுத்தார். வரிக்கு அஞ்சியே மதுவையும் ரொட்டியையும் ஒளித்து வைப்பதாகவும், பட்டினியால் சாகாதவர் என்று தெரிந்தால் தாம் அழிந்துபோக நேரும் என்றும் கூறினார். மக்களை ஒடுக்குவோர்மீது தம் நெஞ்சில் எழுந்த தீராத வெறுப்புக்கு வித்திட்டது இந்நிகழ்ச்சியே என்கிறார் ரூசோ.

இதன் பின்னணி எளிதில் விளங்கக் கூடியது. உயர்குடியினரும் சமயகுருமாரும் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்த நேர்வரி ஒன்று பொதுமக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. பல பகுதிகளில் ஒருவரின் செல்வநிலையைத் தோற்றத்தைக் கொண்டு மதிப்பிட்டே அவ்வரி விதிக்கப்பட்டது. புதுக்கூரை வேய்ந்தவருக்கு அடுத்த ஆண்டு வரி கூடலாம். ஆகவே பிரிந்து தொங்கும் வைக்கோல் வறுமையைக் காட்டலாம். வறுமை வேடத்தையும் காட்டலாம். ஓவியர் அக்கூரையின் கோணல் அழகில் மகிழ்ந்தார். வீட்டுக்காரர் அக்கோணலை அச்சத்தால் விட்டு வைத்திருக்கவும் கூடும். இந்த இரண்டாம் செய்தியைச் சுண்ணக்கோல் சொல்லாது, வரலாறுதான் சொல்லும்.

அணிகலனான வறுமை

பார்வை பாதியில் நின்றால் என்ன நேரும்? அதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு.

புஷேயின் வரைவுகள் அவர் காலத்திலேயே பெரும் விருப்பத்திற்குரியனவாயின. செல்வர் அவற்றைச் சட்டமிட்டு மாட்டினர். சுண்ணக்கோலின் சொரசொரப்பான கோட்டை அப்படியே செப்புத்தகட்டில் பதிக்கும் ஒருவகைச் செதுக்குமுறையும் அப்போது தோன்றியது. பற்களுள்ள சிறு சக்கரங்களைத் தகட்டின்மீது உருட்டி அக்கோட்டைப் போல ஆக்கினர். ழீல் தெமார்த்தோ என்னும் செதுக்குக் கலைஞர் இம்முறையில் புஷேயின் வரைவுகள் பலவற்றை அச்சிட்டுப் பரப்பினார். ஓவியம் கற்போர் அந்த அச்சுப்படிகளைப் பார்த்து வரைந்து பழகினர். இவ்வாறு சிதைந்த குடிசையை அழகெனக் காணும் கண் ஒரு தலைமுறைக்கே வாய்த்தது.

அக்கண்ணின் உச்சநிலையை வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் காணலாம். 1783ஆம் ஆண்டு தொடங்கி, அரசி மரி அந்துவானெத்துக்காக அங்கே ஒரு செயற்கைச் சிற்றூர் எழுப்பப்பட்டது. கட்டடக் கலைஞர் ரிஷார் மிக் அதனை அமைத்தார். வைக்கோல் கூரை வீடுகள், குளம், பால்மனை, புறாக்கூடு, நீராலை எல்லாம் அங்கே இருந்தன. ஆலையின் சக்கரம் சுழன்றது. ஆனால் அது எதையும் அரைக்கவில்லை. வீடுகள் பழமையாகத் தோன்றும்படி சுவர்களில் வெடிப்புகளை வண்ணத்தால் தீட்டினர். வெளியே குடிசை, உள்ளே அரசியின் இல்லத்தில் விலையுயர்ந்த அறைகலன்கள். பால், முட்டை தரும் உண்மையான பண்ணையும் அங்கே இருந்தது என்பதையும் கூறவேண்டும். ஆயினும் அச்சிற்றூரின் நோக்கம் விளைச்சல் அன்று, காட்சியே.

சுவரில் தீட்டிய அந்த வெடிப்பை எண்ணிப் பாருங்கள். ஊர்ப்புறத்தில் வெடித்த சுவர் ஒரு குடும்பத்தின் கவலை. மழைக்காலத்திற்குமுன் பூச வேண்டிய வேலை. அரண்மனைத் தோட்டத்தில் அதே வெடிப்பு கூலி கொடுத்துத் தீட்டிய அணி. 1788 சூலை 13ஆம் நாள் வடபிரான்சில் பெய்த கடும் ஆலங்கட்டி மழை விளைந்த பயிரை அழித்தது. தொடர்ந்து வந்த குளிர்காலம் கொடியது. ரொட்டியின் விலை ஏறியது. காட்சிக்காகக் கட்டிய சிற்றூரில் அரைக்காத சக்கரம் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், மெய்யான சிற்றூர்களில் அரைக்கத் தானியம் இல்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

"ஓவியர் வரலாற்றாசிரியர் அல்லர், வரி விவரங்களை வரைவது அவர் கடமையன்று. அழகைத் தந்தவரிடம் நீதியையும் கேட்பது முறையா?" என்று சிலர் வினவலாம். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஓவியரைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. அவர் கண்டதைப் பதிந்து வைக்காவிடில் நமக்கு எஞ்சியிருக்கப்போவது மிகக் குறைவு.

இதற்குச் சான்று அர்க்கேய் தோட்டம். பாரிசுக்குத் தெற்கே, கால்வாய்ப் பாலம் ஒன்றை ஒட்டி அமைந்த அத்தோட்டம் உரியவரின் மறைவுக்குப்பின் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1740களில் ழான் பத்தீஸ்த் உத்ரி என்னும் ஓவியர் அங்கே சென்று, படிக்கட்டுகளையும் மரவேலிப் பந்தல்களையும் கட்டுக்கடங்காமல் வளர்ந்த மரங்களையும் நீலத்தாளில் கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கோல்களால் வரைந்தார். புஷே உள்ளிட்ட வேறு ஓவியர்களும் அங்கு வரைந்தனர். சில ஆண்டுகளில் அத்தோட்டம் அழிக்கப்பட்டது. இன்று அதன் படிகளையும் நிழலையும் நாம் அறிவது பெரிதும் அந்தத் தாள்களால்தான். கல்லால் கட்டியது போயிற்று. கந்தையால் செய்த தாள் நின்றது.

ஆகவே ஓவியரின் கடமை காண்பதும் பதிவதும் ஆகும். அதை அவர் செய்துவிட்டார். எஞ்சிய கடமை பார்ப்பவருடையது. புறாக்கூட்டை அவர் வரைந்ததால்தான் அதைப் பற்றி வினவ நம்மால் முடிகிறது. ஓவியத்தில் உள்ள குறையை ஓவியரின் குற்றமாகக் கொள்வதைவிட, நமக்கு விட்டுச்சென்ற பணியாகக் கொள்வதே தகும்.

காண்பது எவ்வாறு?

நம் இலக்கண மரபு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள மரம், பறவை, தொழில், உணவு முதலியன கருப்பொருள். மக்களின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். இம்மூன்றும் சேர்ந்தால்தான் திணை நிறைவு பெறும். பிரெஞ்சு ஓவியர் இவ்விலக்கணத்தை அறிந்தவர் அல்லர்; அவர் வரைவை இதனால் அளந்து குறைகூறுவதும் பொருந்தாது. ஆனால் பார்ப்பவராகிய நமக்கு இது நல்ல கருவி. அவ்வரைவில் முதற்பொருளும் கருப்பொருளும் நிறைந்துள்ளன. உரிப்பொருள் எங்கே என்று நாம் கேட்கலாம். இந்தக் கூரையின்கீழ் உறங்கியவர் யார்? இந்த வயலின் விளைச்சலில் அவருக்கு எவ்வளவு கிடைத்தது? இந்த வழியில் அவர் நடந்தது விருப்பத்தாலா, கட்டாயத்தாலா?

இவ்வினாக்கள் ஓர் ஓவியத்தோடு முடிவன அல்ல. நிலக்காட்சிகள் இன்று ஓவியமாக மட்டும் நம்மை அடைவதில்லை. நாள்காட்டியிலும் திரைப்படத்திலும் விளம்பரத்திலும் கைப்பேசியிலும் நாள்தோறும் வருகின்றன. வயலில் குனிந்து நாற்று நடுபவரின் படத்தை 'அழகு' என்று பகிர்கிறோம். அவர் முதுகு எத்தனை மணிநேரமாக வளைந்திருந்தது என்று நினைப்பதில்லை. சுவரில் வெடிப்பைத் தீட்டச் சொன்ன அரண்மனைக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவு நாம் எண்ணுவதைவிடக் குறைவு.

அழகை வெறுத்து ஒதுக்குவது இதற்கு மருந்தாகாது. சுண்ணக்கோலின் ஒரு கோட்டில் இலை அசைவதைக் கண்டு மகிழத் தெரியாதவர், அந்த மரநிழலில் களைத்து அமர்ந்தவரையும் காணப்போவதில்லை. முதலில் மகிழ வேண்டும். பின்பு வினவ வேண்டும். ஓரத்தில் முகமின்றி நிற்கும் அந்தச் சிறு உருவத்தை நோக்கி நம் கண் தானாகச் செல்லும் நாளில், ஓவியம் காணும் கலையை நாம் கற்றவராவோம்.